கொம்பியூட்டருக்குப் பிற்பாட்டுப் பழக்குவோம்

காத்தவராயன் கூத்தில் ஆடுறவர் ஒரு அடியைப் பாடி விட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவினம். ஆடுறவர் எங்கே மூச்செடுக்கிறார், எங்கே உண்மையிலேயே அடியை முடிக்கிறார் எண்டது அவைக்குத் தெரியும். கொம்பியூட்டருக்குத் தெரியாது. நீங்கள் ஒரு அடி வாசித்து ஓய, உங்கட சுரங்களைக்கொண்டே தானாக ஒரு பதில் வாசிக்க அதைப் பழக்கப்போறம். சுரங்களைக் கண்டுபிடிக்க அதுக்கு நொடியும் தேவையில்லை. நீங்கள் முடிச்சிட்டீங்களா எண்டதைக் கண்டுபிடிக்க வைக்கிறதிலைதான் என்ரை இரண்டு கிழமை போனது.

தேவையானவை: பழைய மடிக்கணினி ஒண்டு, மைக், ஹெட்போன், ஒரு புல்லாங்குழலோ ஆர்மோனியமோ உங்கட குரலோ. மென்பொருள் பியூர் டேட்டா. மில்லர் பக்கெட் 1990களில் எழுதியது, இலவசம். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். எங்கட விசுவமடுவில் சிக்னல் வாற நேரம் பார்த்து ஒருதரம் இறக்கினால் போதும், பிறகு இணையம் தேவையில்லை.

இதில் நிரல் எழுதுறதில்லை. பெட்டிகளை வைத்து, வயர் இழுக்கிறதுதான் வேலை. கொன்ட்ரோலும் 1உம் அமத்தினால் புதுப் பெட்டி, கொன்ட்ரோலும் 2உம் செய்திப் பெட்டி, கொன்ட்ரோலும் ஈ-யும் திருத்தும் நிலைக்கும் வாசிக்கும் நிலைக்கும் மாற. பெட்டிப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேணும். நான் உச்சரிப்பைத் தமிழில் எழுதுறன். பெயருக்குப் பின்னால் ~ குறி இருந்தால் அந்தப் பெட்டிக்குள் சத்தமே ஓடுது எண்டு அர்த்தம். குறி இல்லாவிட்டால் வெறும் எண்கள்.

முதல் படி: கிளிப்பிள்ளை

"ஏ.டி.சி.~ 1" பெட்டி (மைக்) இலிருந்து "டெல்ரைட்~ குரல் 4000" பெட்டிக்கு ஒரு வயர். தனியாக "டெல்ரீட்~ குரல் 3000" பெட்டியிலிருந்து "டி.ஏ.சி.~" (ஹெட்போன்) இன் இரண்டு வாய்க்கும் வயர். டி.எஸ்.பி.யை (சத்தத்தை ஓடவிடும் சுவிட்ச்) ஒன் பண்ணிப் பாடுங்கோ. நீங்கள் பாடினது மூன்று செக்கனுக்குப் பிறகு திரும்பி வரும். "குரல்" எண்டது நான் வைத்த பெயர். இரண்டு பெட்டியிலும் ஒரே பெயர் இருக்க வேணும், அவ்வளவுதான்.

இதோடை அரை மணித்தியாலம் விளையாடுங்கோ, தவறில்லை. ஆனால் இது மனோதர்மம் (அந்தந்த நேரம் கற்பனையாக வாசிக்கிறது) இல்லை. திருப்பிச் சொல்லுது, அவ்வளவே.

இரண்டாம் படி: காது

மைக்கிலிருந்து இன்னொரு வயர் "சிக்மண்ட்~ நோட்ஸ் என்வ்" பெட்டிக்கு. இதுக்கு இரண்டு வாய். இடது வாயில் புதுச் சுரம் பிறக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு எண் வரும். மிடி (சுரங்களை எண்ணால் குறிக்கிற முறை) கணக்கில் 60 எண்டால் நடு சி, அதாவது ஒரு கட்டை. 62 இரண்டு கட்டை. மோகன ராகத்தை 60இல் ஆதாரமாக வைத்து வாசித்தால் 60, 62, 64, 67, 69 என்று வர வேணும். உண்மையில் 64.13, 66.9 என்று தசமத்தோடை வரும். அதை முழு எண்ணாக்காதேங்கோ, அது உங்கட சுருதி.

கமகம் போட்டால் இந்தப் பெட்டி குழம்பும், ஒரு சுரத்தை மூன்றாக எண்ணும். "ஸ்டேபிள்டைம் 100", "வைப்ரேட்டோ 2" எண்டு இரண்டு செய்திப் பெட்டியை இணைத்து ஒருக்கா அமத்திவிடுங்கோ. முழுசாகத் தீராது, குறையும்.

வலது வாயில் சத்தத்தின் அளவு டெசிபலில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தச் செய்முறையின் உயிர் அந்த வாயில்தான் இருக்கு.

மூன்றாம் படி: எப்ப முடிச்சீங்கள்?

சிக்மண்டின் வலது வாயிலிருந்து "மோசஸ் 60" பெட்டிக்கு வயர். விவிலியத்து மோசே கடலைப் பிளந்த மாதிரி இது எண்களைப் பிளக்கும்: 60க்குக் கீழானவை இடது பக்கம், மற்றதெல்லாம் வலது பக்கம். மோசஸின் வலது வாயிலிருந்து "பேங்" (எண்ணை விட்டு வெறும் தட்டை மட்டும் அனுப்பும் பெட்டி), அதிலிருந்து "டிலே 900". சத்தம் இருக்கும்வரை டிலே திரும்பத் திரும்ப ஆரம்பத்திலிருந்து எண்ணும். நீங்கள் ஓய்ந்து 900 மில்லிசெக்கன் கழிந்தால் மட்டும் ஒரு தட்டுத் தட்டும். அதுதான் "உன்ரை முறை" எண்டு கொம்பியூட்டருக்குச் சொல்லுற சைகை.

நடுவில் இருக்கிற அந்தப் பேங் பெட்டியை நான் முதலில் போடேல்லை. அது ஏன் எண்டு நினைத்தனான். டிலேக்குள் எண் நேராகப் போனால் அந்த எண்ணையே அது நேரமாக எடுத்துக்கொள்ளும். சத்தம் 72 டெசிபல் எண்டால் 900ஐ மறந்து 72 மில்லிசெக்கனில் தட்டும். கூத்துக்கு மிருதங்கம் அடிக்கிற சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினன். இரண்டு அடி பாடிப்போட்டு ஹெட்போனைக் கழட்டி, "டேய் தம்பி, இவன் மூச்செடுக்கவும் விடுறானில்லையே" எண்டார்.

அடுத்த கிழமை எதிர்மாறு: கொம்பியூட்டர் வாயே திறக்கேல்லை. காலபோக உழவு நேரம், பின் வளவுக்கு அங்காலை லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) நிண்டு இரைஞ்சுகொண்டிருந்தது. அந்த இரைச்சலே 60ஐத் தாண்டினபடியால் அதுக்கு ஒரு ஓய்வும் கிடைக்கேல்லை. மோசஸை 70 ஆக்கினன். உங்கட வீட்டுக்கு என்ன எண் எண்டதை, பாடாமல் சும்மா இருந்து சிக்மண்டின் வலது வாயின் எண்ணைப் பார்த்து, அதுக்கு மேலை ஐந்து பத்துக் கூட்டி வையுங்கோ.

நான்காம் படி: நினைவும் பதிலும்

"நினைவு" எண்டு 16 இடமுள்ள ஒரு அரே (எண்களை வரிசையாக வைக்கிற பட்டியல்) போடுங்கோ. இரண்டாம் படியின் இடது வாயில் வாற சுரங்களை "டேப்ரைட் நினைவு" மூலம் ஒவ்வொரு இடமாக எழுத வேணும். 16 முடிய "மொட் 16" திரும்ப முதலிடத்துக்குக் கொண்டுவரும். எப்போதும் நீங்கள் கடைசியாக வாசித்த 16 சுரம் அதுக்குள் இருக்கும்.

டிலே தட்டும்போது இரண்டு வேலை நடக்க வேணும். "ரண்டம் 16" தொடங்கும் இடத்தைத் தேரும். "மெட்ரோ 300" அங்கிருந்து 300 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா ஒவ்வொரு இடமாக முன்னே போகும். ஒவ்வொரு இடத்திலும் "டேப்ரீட் நினைவு", பிறகு "எம்.டி.ஓ.எஃப்." (சுரத்தை அலைவெண் ஆக்க), பிறகு "ஒஸ்க்~" (அந்த அலைவெண்ணில் சைன் அலையை ஒலிக்க). கூடவே "0.2, 0 250" எண்ட செய்தி "லைன்~" வழியாக வந்து, "*~" பெட்டியில் அந்த ஒலியோடை பெருக்கப்பட்டு, தட்டின வீணைத் தந்தி மாதிரித் தேய வைக்கும். 2300 மில்லிசெக்கனில் மெட்ரோவுக்கு 0 அனுப்பி நிறுத்தினால் எட்டுச் சுரப் பதில்.

ராகத்துக்கு ஒரு விதியும் எழுதேல்லைப் பாருங்கோ. நீங்கள் வாசிக்காத சுரம் அதுக்குத் தெரியவே தெரியாது. முழுக்க எழுந்தமானமாகப் பொறுக்காமல் வரிசையாகப் போகிறபடியால் உங்கட பிடிகளின் துண்டும் வரும். பாரிசின் இர்காம் இசை ஆய்வு நிறுவனத்தில் செய்த ஓமேக்ஸ் மென்பொருள் இதே எண்ணத்தின் பெரியண்ணன்: கேட்டதை நினைவில் வைத்து, பொதுவான துண்டு வாற இடங்களில் நினைவின் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும்.

ஒரு எச்சரிக்கை: மயில். விடிய வாசித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு வெளியில் ஒண்டு அகவ, அது நினைவுக்குள் ஏறி, மோகனத்துக்கு நடுவில் இரண்டு தடவை சைன் அலையில் அகவினது. அழிக்க மனம் வரேல்லை.

ஐந்தாம் படி: விட்டுக்கொடுத்தல்

மோசஸின் வலது பேங்கிலிருந்து மெட்ரோவை நிறுத்தும் 0க்கும் ஒரு வயர் இழுங்கோ. நீங்கள் வாய் திறந்தவுடன் அது வாய் மூடும். ஸ்பீக்கரில் செய்தால் தன்ரை சத்தத்தையே கேட்டுத் தன்னை நிறுத்தும், அதனால்தான் ஹெட்போன்.

இது எல்லாருக்கும் பிடிக்கிற முறை இல்லை. அமெரிக்க ட்ரொம்போன் கலைஞர் ஜோர்ஜ் லூவிஸ் 1980களின் பிற்பகுதியில் செய்த வொயேஜர் எண்ட இசை மென்பொருள் யாருக்கும் பணியாது. மனிதர் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் தன்பாட்டில் வாசிக்கும். அந்த ருசி தெரிய வேணுமெண்டால் கடைசியாக இழுத்த வயரைக் கழட்டிப்போட்டு ஒருக்கா வாசியுங்கோ. சித்தப்பாவுக்கு அதுதான் பிடிச்சிருக்கு. "இப்பதான் இவன் ஆள்" எண்டு சொல்லிப்போட்டு, மிருதங்கத்தை எடுத்துவர வீட்டுக்குப் போயிருக்கிறார்.