மனநல வார்டில் சேரும் பதின்வயதினரிடம் போதைப் பழக்கம் பற்றிக் கேட்பது எப்படி? புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

அட்மிஷன் படிவத்தில் ஒரு வரி இருக்கும்: போதைப் பழக்கம், உண்டு / இல்லை. அம்மா அப்பா பக்கத்தில் நிற்கும்போதே அதைக் கேட்டு, 'இல்லை'யில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது வழக்கம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். மனச்சோர்வு என்று வந்து சேர்ந்த 16 வயதுப் பெண்ணிடம் அவள் அம்மா முன்னாலேயே கேட்டேன், இல்லை என்று தலையாட்டினாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவளுக்கு வலிப்பு வந்தது. பாட்டியின் தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் எடுத்து வந்திருக்கிறாள், வார்டுக்கு வந்ததும் அது சட்டென்று நின்றுபோயிருக்கிறது. நல்லபடியாகத் தேறிவிட்டாள். ஆனால் "தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்று பிறகு அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: முதல் சில மணி நேரத்தில் உடம்பைக் கவனியுங்கள்

சேர்ந்த அன்றைக்கே முழு விசாரணை தேவையில்லை. கொந்தளிப்பிலோ குழப்பத்திலோ இருக்கும் பிள்ளையிடம் நீளமாகக் கேட்டுப் பயனும் இல்லை. அன்றைக்குத் தெரியவேண்டியது மூன்றுதான்: என்ன எடுத்தார், கடைசியாக எப்போது, தினமும் எடுப்பவரா. தினமும் நிறையக் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும், உளறலும் கடும் குழப்பமும் இரண்டு முதல் நான்கு நாளில். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரைகளை நிறுத்தும்போதும் வலிப்பு வரலாம், சில மாத்திரைகளுக்கு அது பல நாள் கழித்துக்கூட வரும். இதையெல்லாம் "பதற்றமா இருக்கான்" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், காய்ச்சல் பாருங்கள், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படி 2: தனியாக உட்காருங்கள், வரம்பை முதலில் சொல்லுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான். பெற்றோரிடம், "வயசுப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் தனியாப் பேசுவோம், இது எங்க வழக்கம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அப்புறம் பிள்ளையிடம், கேள்வியைத் தொடங்கும் முன்பே, எதை ரகசியமாக வைப்பீர்கள், எதை வைக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள். நான் இப்படிச் சொல்வேன்: "நீ சொல்றதை உன் சிகிச்சைக்காக இங்க இருக்கிற டீமோட பேசுவேன். உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்துறாங்கன்னாலோ அதை மறைக்க முடியாது. அப்படிச் சொல்ல வேண்டி வந்தா முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." பெற்றோருக்கு எதைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே உங்கள் வார்டின் விதியை முன்கூட்டியே மூத்தவர்களிடம் கேட்டு வையுங்கள். காப்பாற்ற முடியாத வாக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வருகிற எல்லோரிடமும் கேளுங்கள். நன்றாகப் படிக்கிற பெண், அமைதியான பையன் என்று நாம் மனதுக்குள் விலக்கு கொடுத்த பிள்ளைகள்தான் அதிகம் தவறிப்போகிறார்கள்.

படி 3: எத்தனை முறை என்று கேளுங்கள்

"போதைப் பழக்கம் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்று மட்டும்தான் பதில் வரும். "போன ஒரு வருஷத்துல எத்தனை தடவை?" என்று கேட்டுவிட்டு, ஒருமுறையும் இல்லை, ஒன்றிரண்டு முறை, மாதாமாதம், வாரந்தோறும் அல்லது அதற்கு மேல் என்று நான்கு பதில்களைக் கொடுங்கள். எஸ்2பிஐ என்ற கேள்விப் பட்டியல் இப்படித்தான் வேலை செய்கிறது. முதலில் புகையிலை (வேப் என்ற மின்சிகரெட்டும் சேர்த்து), மது, கஞ்சா. ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' வந்தால் மாத்திரைகள், மோந்து பார்க்கும் பசை, தின்னர், மற்றவை. வாரந்தோறும் என்ற பதில் வந்தால் பழக்கம் முற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

கிராஃப்ட் என்பது இன்னொரு பட்டியல், 1999-இல் வெளியானது, 12 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கானது. அதில் உள்ள ஆறு கேள்விகளின் சாரம்: போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் போனதுண்டா (ஓட்டியவர் நீயாகவே இருந்தாலும்), மனசு லேசாகவோ நண்பர்களோடு ஒட்டவோ எடுக்கிறாயா, தனியாக இருக்கும்போது எடுக்கிறாயா, போதையில் செய்தது மறந்துபோகிறதா, குறைத்துக்கொள் என்று வீட்டிலோ நண்பர்களோ சொன்னார்களா, அதனால் சிக்கலில் மாட்டினாயா. இரண்டோ அதற்கு மேலோ 'ஆம்' என்றால் விரிவான மதிப்பீடு தேவை. நேரில் கேட்கும்போது அச்சிட்ட வாசகத்தை அப்படியே படியுங்கள், சொந்தமாக மாற்றினால் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை. மனநல வார்டில் நான் தனிமை பற்றிய பதிலை இரண்டு முறை பார்ப்பேன், ஏனென்றால் தனியாக உட்கார்ந்து எடுக்கிற பிள்ளை பெரும்பாலும் எதையோ தாங்க முடியாமல் எடுக்கிறது.

படி 4: சிறுநீர்ப் பரிசோதனை

பேசிய பிறகு, அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எப்போதோ ஒருமுறை கஞ்சா எடுத்தவருக்குச் சுமார் மூன்று நாள் வரை தெரியும், தினமும் எடுத்தவருக்கு ஒரு மாதம் வரைகூட. செயற்கைக் கஞ்சா, ஃபென்டனில் (கடுமையான வலி மருந்து), பசை போன்றவை சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் வழக்கமான சோதனையில் சிக்காது, அதனால் 'நெகட்டிவ்' என்றால் எதுவும் எடுக்கவில்லை என்று ஆகிவிடாது. எதிர்ப்பக்கமும் உண்டு: மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புப்ரோபியான், ஆம்ஃபெட்டமின் (ஊக்கப் போதைப்பொருள்) என்று தவறாகக் காட்டலாம், அதே நோய்க்கான செர்ட்ராலின், பென்சோடயசெபைன் (தூக்கம், பதற்றத்துக்கான மாத்திரை வகை) என்று காட்டலாம். மருந்துச் சீட்டைப் பார்க்காமல் பிள்ளையைப் பொய்யன் என்று சொல்லிவிட்டால் அந்த உறவு அன்றோடு போயிற்று.

படி 5: எது முதலில் வந்தது?

ஒரு தாளில் கோடு போட்டு, தூக்கம் கெட்டது எப்போது, யாரும் இல்லாமல் குரல் கேட்டது எப்போது, முதல் கஞ்சா எப்போது என்று அவரோடு சேர்ந்தே குறியுங்கள். போதையால் வந்த மனக்குழப்பம் பெரும்பாலும் நிறுத்திய ஒரு மாதத்துக்குள் தணியும், தணியவில்லை என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

புகை பிடிப்பவரா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். மனச்சிதைவு போன்றவற்றுக்குக் கொடுக்கும் க்ளோசபின், ஒலான்சபின் மருந்துகளை உடல் வேகமாகக் கழிக்கும்படி சிகரெட் புகை செய்கிறது. வார்டுக்கு வந்து புகை நின்றதும் அதே அளவு மாத்திரைக்கு ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். காரணம் புகைதான், நிகோட்டின் இல்லை.

படி 6: சொன்னதற்குப் பிறகு

பிள்ளை மனம் திறந்து சொன்னதும் அறிவுரை தொடங்காதீர்கள். "சொன்னதுக்கு நன்றி. இதுல உனக்குப் பிடிச்சது என்ன, பிடிக்காதது என்ன?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கேஸ் ஷீட்டில் 'குடிகாரன்', 'அடிமை' என்று எழுத வேண்டாம். எதை, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, கடைசியாக எப்போது என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கும் அதுதான் உதவும்.

'இல்லை' என்றவரிடம் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி கேளுங்கள். அப்புறம் டிஸ்சார்ஜ் நாளில் ஒரு விஷயம், முக்கியமாக ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகை எடுத்தவர்களுக்கு: சில வாரம் நிறுத்தியதில் உடம்பு தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவே இப்போது உயிரை எடுக்கலாம். இதைப் பிள்ளையிடம் நேரடியாகச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற மாத்திரை டப்பாவைப் பூட்டி வைக்கும்படி குடும்பத்தாரிடம் சொல்லுங்கள், பாட்டியின் டப்பாவையும் சேர்த்து.