ஹேவ், ஹேவ் காட், ஹேவ் டு, மஸ்ட்: எங்கே 'இருக்கிறது', எங்கே 'வேண்டும்'?

ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. என்னிடம் ஒன்று இருக்கிறது என்று சொல்லவும் அதுதான், ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று சொல்லவும் அதுதான். போதாததற்கு நடுவில் 'காட்' வேறு வந்து உட்கார்ந்துகொள்ளும். 'ஐ ஹேவ் எ கார்', 'ஐ ஹேவ் காட் எ கார்', 'ஐ ஹேவ் டு கோ', 'ஐ ஹேவ் காட் டு கோ' என்று நாலையும் வரிசையாகப் பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும். நான் இதைப் பிரித்துப் புரிந்துகொண்ட வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். ஹீ, ஷீ வந்தால் ஹேஸ், இறந்த காலத்தில் ஹேட் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சின்ன ஏற்பாடு: கீழே 'டு' என்று குறிலில் எழுதியிருந்தால் அது வினைக்கு முன்னால் வரும் குட்டிச் சொல். 'டூ' என்று நெடிலில் இருந்தால் கேள்வியில் வரும் துணைவினை, அல்லது இரண்டு என்ற எண்.

முதல் படி: ஹேவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது?

பின்னால் ஒரு பெயர்ச்சொல் நின்றால் உடைமை. 'டு'வும் ஒரு வினையும் நின்றால் கட்டாயம். 'ஐ ஹேவ் எ மீட்டிங்' என்றால் எனக்கு ஒரு மீட்டிங் இருக்கிறது. 'ஐ ஹேவ் டு மீட் ஹிம்' என்றால் அவரைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. தமிழைக் கவனியுங்கள், இரண்டு இடத்திலும் 'இருக்கிறது' வருகிறது. ஆங்கிலம் மட்டும் விசித்திரமாக நடந்துகொள்வதாக நினைக்க வேண்டாம், நம் மொழியிலும் இருப்பதும் செய்ய வேண்டியிருப்பதும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. 'ஐ ஹேவ் எ லெட்டர் டு ரைட்' என்றால் எழுத வேண்டிய கடிதம் ஒன்று கைவசம் இருக்கிறது. அந்த மாதிரி வாக்கியங்களிலிருந்துதான் நாளடைவில் 'ஐ ஹேவ் டு ரைட் எ லெட்டர்' என்ற கட்டாயப் பொருள் வளர்ந்தது. இந்த ஒன்று மனதில் ஏறிவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் பழக்கம்.

இரண்டாம் படி: உடைமை

தமிழில் என்னிடம், எனக்கு, அறையில், மேசைக்கு என்று வேற்றுமை உருபை மாற்றி மாற்றிப் போடுகிறோம். என்னிடம் பேனா இருக்கிறது, எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள், அறையில் இரண்டு சன்னல்கள் இருக்கின்றன, மேசைக்கு நாலு கால். ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஹேவ் போதும், உடையவர் எழுவாயாக முன்னால் வந்து நிற்பார், அது அறையாகவே இருந்தாலும் சரி: 'த ரூம் ஹேஸ் டூ விண்டோஸ்'. 'எனக்கு' என்று யோசித்துக்கொண்டு 'டு மீ' என்று ஆரம்பித்தால் வாக்கியம் கரை சேராது.

அப்புறம் இந்த 'ஐயம் ஹேவிங் டூ பிரதர்ஸ்'. நம் பக்கத்தில் நிறையப் பேர் இப்படித்தான் பேசுகிறார்கள், புரியவும் செய்கிறது, ஆனால் தேர்விலோ நேர்காணலிலோ சொல்ல வேண்டாம். எங்கே 'ஹேவிங்' சரி என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தமிழில் 'கொண்டிருக்கிறேன்' போட்டுப் பாருங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம், ஆகவே 'ஐயம் ஹேவிங் லஞ்ச்' சரி. எனக்குத் தம்பி இருந்துகொண்டிருக்கிறான் என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே அங்கே வெறும் ஹேவ்தான். 'பிலாங்', 'ஓன்' இரண்டுக்கும் இதே சோதனை செல்லும்: 'திஸ் புக் பிலாங்ஸ் டு மீ'.

மூன்றாம் படி: நடுவில் வரும் காட்

'ஐ ஹேவ் எ கார்', 'ஐவ் காட் எ கார்' இரண்டுக்கும் பொருள் ஒன்றே. இந்த 'காட்'டைப் பெற்றேன், வாங்கினேன் என்று பிரித்துப் பார்க்காதீர்கள், இங்கே அதற்குத் தனிப் பொருள் கிடையாது. பேச்சில், அதிலும் பிரிட்டன்காரர்கள் பேச்சில், அதிகம் கேட்கும். நிகழ்காலத்தோடு சரி. நேற்றைய கதை என்றால் 'ஐ ஹேட் எ கார்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

பொருள் மாறாவிட்டாலும் கேள்வி மாறும். 'ஹேவ் யூ காட் எ பென்?' அல்லது 'டூ யூ ஹேவ் எ பென்?', இரண்டில் ஒன்று. இரண்டையும் கலந்து 'டூ யூ ஹேவ் காட்' என்று கேட்கக் கூடாது. பதிலும் கேள்வியைப் பார்த்து வரும்: முதலாவதற்கு 'யெஸ், ஐ ஹேவ்', இரண்டாவதற்கு 'யெஸ், ஐ டூ'.

புதிதாகப் படிக்கிறவர்கள் பேசும்போது 'டூ யூ ஹேவ்' வடிவத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி. அது எந்த நாட்டு ஆங்கிலத்திலும் செல்லும், எந்தக் காலத்துக்கும் வளையும். காட்டைக் காதால் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். 'ஹீஸ் காட்' என்று காதில் விழுந்தால் அது 'ஹீ இஸ்' அல்ல, 'ஹீ ஹேஸ்' சுருங்கியது என்று தெரிந்தால் போதும்.

நான்காம் படி: கட்டாயம்

ஹேவ் டு, ஹேஸ் டு, ஹேட் டு, வில் ஹேவ் டு. டுவுக்குப் பின்னால் வினையின் மூல வடிவம் மட்டுமே வரும்: 'ஷீ ஹேஸ் டு கோ', 'ஷீ ஹேட் டு கோ'. காலமும் ஆளும் ஹேவ் மேலேயே ஏறிவிட்டதால் கோ சும்மா இருக்கும். கேள்வியில் 'டஸ்' வந்து அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும், ஆகவே 'டஸ் ஷீ ஹேவ் டு கோ?' என்று ஹேஸ் மறுபடியும் ஹேவ் ஆகிவிடும்.

மஸ்டுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. இறந்த காலம் இல்லை, வில் சேராது, பின்னால் டுவும் வராது. 'ஐ மஸ்ட் கோ', அவ்வளவுதான். நேற்றுப் போக வேண்டியிருந்தது என்று சொல்ல 'ஹேட் டு'விடம்தான் போய் நிற்க வேண்டும். பொருளிலும் ஒரு சாயல் வேறுபாடு உண்டு. மஸ்ட் என்றால் பேசுகிறவரே வற்புறுத்துவதுபோல் இருக்கும், ஹேவ் டு என்றால் விதியோ சூழ்நிலையோ வெளியிலிருந்து நெருக்குவதுபோல் இருக்கும். இந்த வேறுபாட்டை எல்லோரும் எப்போதும் பார்ப்பதில்லை, ஆனால் மின்னஞ்சலில் பாருங்கள். 'யூ மஸ்ட் ரிப்ளை டுடே' என்று வாடிக்கையாளருக்கு எழுதினால் அதட்டல்போல் போய்ச் சேரும். 'நீங்கள் இன்று பதில் அனுப்ப வேண்டும்' என்பதில் அந்த அளவு சூடு இல்லை, அதனால் எழுதும்போது நமக்கு உறைக்காது. 'குட் யூ ப்ளீஸ் ரிப்ளை டுடே' என்று எழுதிவிடுங்கள்.

ஊகத்துக்கும் மஸ்ட் உதவும்: 'ஷீ மஸ்ட் பி அட் ஹோம்', அதாவது அவள் இந்நேரம் வீட்டில் இருக்க வேண்டும். தமிழிலும் அப்படியே 'வேண்டும்' வருவதால் இது தானாகவே வந்துவிடும்.

ஐந்தாம் படி: எதிர்மறை, நிதானமாகப் படியுங்கள்

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இந்த இடம்தான். வினையோடு சேரும் 'வேண்டாம்' என்ற சொல் தமிழில் இரண்டு பக்கமும் சாயும். 'நாளைக்கு வர வேண்டாம்' என்றால் வராதே என்றும் எடுக்கலாம், வரத் தேவையில்லை என்றும் எடுக்கலாம், சொல்கிற தொனியை வைத்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் தொனி காப்பாற்றாது. 'யூ மஸ்ட் நாட் பே நவ்' என்றால் இப்போது பணம் கட்டக் கூடாது, தடை. 'யூ டோன்ட் ஹேவ் டு பே நவ்' என்றால் இப்போதே கட்ட வேண்டியதில்லை, விருப்பம் இருந்தால் கட்டலாம். நேர்வாக்கியத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் மஸ்டும் ஹேவ் டுவும் எதிர்மறையில் ஆளுக்கொரு திசையில் போய்விடுகின்றன.

காரணம், 'நாட்' எதைப் போய்ப் பிடிக்கிறது என்பது. மஸ்ட் நாட்டில் அது செயலைப் பிடிக்கிறது: கட்டாமல் இருந்தாக வேண்டும். டோன்ட் ஹேவ் டுவில் அது கட்டாயத்தையே பிடிக்கிறது: கட்டியாக வேண்டும் என்பதில்லை. எழுதுவதற்கு முன்னால் உங்கள் வாக்கியத்தை இந்த இரண்டு தமிழ் வடிவத்தில் எது பொருந்துகிறது என்று மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். 'வேண்டாம்' என்று மட்டும் நினைத்துக்கொண்டு நேரே ஆங்கிலத்துக்குப் போனால் பாதி நேரம் தப்பான பக்கம் போய் நிற்போம்.

இறந்த காலத்தில் 'ஐ டிடின்ட் ஹேவ் டு கோ' என்றால் போக வேண்டியிருக்கவில்லை. போகக் கூடாது என்று தடுத்திருந்தார்கள் என்றால் மஸ்ட் கைகொடுக்காது, 'ஐ வாஸன்ட் அலவ்ட் டு கோ' என்று வேறு பாதை எடுக்க வேண்டும்.

ஆறாம் படி: காது

பேச்சில் 'ஹேவ் டு' பெரும்பாலும் 'ஹேஃப்டு' என்று ஒலிக்கும், அடுத்து வரும் டகர ஒலியின் பிடியில் 'வ்' தேய்ந்து 'ஃப்' ஆகிவிடும். 'ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்' என்று எண் வந்தால் 'வ்' வழக்கம்போல் இருக்கும். 'காட் டு' சேர்ந்து 'காட்டா' ஆகும், சில சமயம் முன்னால் இருக்கும் ஹேவே காணாமல் போய் 'ஐ காட்டா கோ' என்று மட்டும் கேட்கும். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், அலுவலகக் கடிதத்தில் எழுதாதீர்கள்.

இதற்கு யூகிளிஷ் தளம்தான் என் சிபாரிசு. ஒரு தொடரைத் தட்டினால் அது வரும் யூடியூப் காணொளிகளை அந்த இடத்திலிருந்தே ஓட்டிக் காட்டும். ஆங்கிலம்-தமிழ் அகராதியைவிடக் கேம்பிரிட்ஜின் இணைய அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான் முக்கியம். மொழிபெயர்ப்புச் செயலிகளை இந்தப் பாடத்துக்கு நான் நம்புவதில்லை, 'வேண்டாம்' என்று கொடுத்தால் நீங்கள் எதை நினைத்தீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், ஹேவுக்கும் டுவுக்கும் முன்னால் பெயர்ச்சொல் போய்விட்டால் முதல் படி உதவுமா என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி, உதவாது. 'த மனி ஐ ஹேவ் டு ஸ்பெண்ட்' என்ற தொடரைப் பாருங்கள். செலவழிக்க என்னிடம் இருக்கும் பணம் என்றும் படிக்கலாம், செலவழித்தே ஆக வேண்டிய பணம் என்றும் படிக்கலாம். பேச்சில் காது காப்பாற்றும்: 'ஹேஃப்டு' என்று கேட்டால் கட்டாயம், 'வ்' தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் உடைமை. எழுத்தில் முன்பின் வாக்கியங்கள்தான் வழி, நீங்களே எழுதுவதாக இருந்தால் உடைமைக்கு 'த மனி ஐ கேன் ஸ்பெண்ட்', கட்டாயத்துக்கு 'த மனி ஐ மஸ்ட் ஸ்பெண்ட்' என்று மாற்றிவிடுங்கள்.