தேனீ நிறத்தைக் கற்கிறதா? பெட்டித் தேனீக்களை வைத்துத் தொடக்கநிலையினர் செய்யக்கூடிய ஒரு சோதனை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குலசேகரம், திருவட்டாறு வட்டாரங்களில் ரப்பர் மரங்களுக்கிடையே தேனீப் பெட்டிகளைக் காண்பது அரிதன்று. தேனீயின் மூளை கடுகளவே இருக்கும். அதில் ஏறத்தாழ 10 லட்சம் நரம்பணுக்கள் உள்ளன. மனித மூளையிலோ அவை ஏறத்தாழ 8,600 கோடி. இவ்வளவு சிறிய மூளை எதைக் கற்கிறது, கற்றதைக் கொண்டு எப்படி முடிவெடுக்கிறது என்பதை வீட்டு முற்றத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்: கற்றல் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, தேனீ எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதே தெரிகிறது. ஆகவே அந்தத் தேர்வுக்கு வேறு காரணம் இருக்க முடியாதபடி சோதனையை அமைப்பதுதான் இதில் பெரும்பகுதி வேலை.

முதல் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

ரப்பர் இலைகள் உதிர்ந்து புதுத் தளிர் விடும் ஆண்டின் தொடக்க மாதங்களில், இலைக்காம்பு நுனியில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேடித் தேனீக்கள் செல்வதால், அப்போது நாம் வைக்கும் சர்க்கரைப் பாகை அவை பொருட்படுத்துவதில்லை. தேன் வரத்துக் குறைந்து, தேனீ வளர்ப்போர் பெட்டிக்குள் பாகு வைக்கும் காலத்தில், மழை ஓய்ந்த காலை நேரங்களில் சோதனையைத் தொடங்குங்கள். காற்று மிகுந்த ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் காற்று அடங்கிய நாளாகப் பார்க்க வேண்டும். பலத்த காற்றில் தேனீ தான் விரும்பிய அட்டையில் இறங்க முடியாமல் அருகிலுள்ளதில் இறங்கிவிட்டால், அது தேர்வு ஆகாது. தேனீ கொட்டினால் ஒவ்வாமை உள்ளவர்கள் இச்சோதனையைச் செய்யக் கூடாது.

இரண்டாம் படி: பொருள்களும் பழக்குதலும்

நீலம், மஞ்சள் நிறச் சார்ட் அட்டைத் துண்டுகள் பல, அவற்றை மூடும் கண்ணாடித் துண்டுகள், சிறு மூடிகள், சர்க்கரை, ஆறவைத்த வெந்நீர், ஒரு சிறு மேசை, நொடி காட்டும் கடிகாரம், குறிப்பேடு ஆகியவை போதும். சிவப்பு அட்டை வேண்டாம். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு ஏறக்குறைய கறுப்பாகவே தெரியும். எறும்பு ஏறாதிருக்க மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

எடையளவில் சர்க்கரையும் நீரும் சமமாகக் கலந்த பாகைப் பெட்டியின் வாயிலருகே சில துளிகள் மட்டும் வையுங்கள். தேனீக்கள் குடிக்கத் தொடங்கியதும், நிறமற்ற தட்டில் வைத்த பாகைச் சிறிது சிறிதாக மேசை வரை நகர்த்துங்கள். பாகைத் திறந்த பாத்திரத்தில் நிறைய வைத்தால் மற்றப் பெட்டிகளின் தேனீக்களும் திரண்டு, ஒன்றையொன்று கொள்ளையிடும் சண்டை மூளும். மேசைக்குத் திரும்பத் திரும்ப வரும் தேனீக்களின் முதுகில், அவை குடித்துக்கொண்டிருக்கும்போது, மெல்லிய தூரிகையால் வெவ்வேறு நிற வண்ணப் புள்ளி இடுங்கள். கூட்டம் பெருகினால் பாகில் நீரைக் கூட்டலாம். புதிய தேனீக்கள் வருவது குறையும்.

மூன்றாம் படி: பயிற்சி

நீல அட்டை மேல் பாகும் மஞ்சள் அட்டை மேல் வெறும் நீரும் வையுங்கள். ஒவ்வொரு வருகைக்கும் இடவலம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால், தேனீ நிறத்தைக் கற்றதா, இடத்தைக் கற்றதா என்று சொல்ல வழியிருக்காது. உணவு கிடைத்த இடத்தில் தேனீக்கள் மணத்தை விட்டுச் செல்வதால் கண்ணாடியைக் கழுவுவதும் அவசியம்.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. தேனீ மனத்தில் பதிப்பது, குடிக்கும்போது காலடியில் இருக்கும் நிறத்தை அன்று; பறந்து வந்து இறங்குவதற்குச் சற்று முன் கண்ட நிறத்தையே. ஆகவே அட்டை எட்டத்திலிருந்தே தெளிவாகத் தெரிய வேண்டும்.

நான்காம் படி: தேர்வு

சிலமுறை வந்து பாகு குடித்துச் சென்ற பிறகு, இதுவரை பயன்படுத்தாத புதிய அட்டைகளை, பாகும் நீரும் இல்லாத வெறும் மூடிகளோடு வையுங்கள். பாகின் வாசனையே வழிகாட்டியது என்ற ஐயத்தை இது நீக்கும். ஒரு நேரத்தில் ஒரு தேனீயை மட்டும் அனுமதியுங்கள், ஏனெனில் ஒன்று அமர்ந்த இடத்தில் அடுத்ததும் அமரும். ஒவ்வொரு தேனீக்கும் முதல் தேர்வை மட்டும் குறியுங்கள்.

10 தேனீக்களில் 7 நீலத்தில் இறங்கினால் மகிழ்ந்துவிட வேண்டாம். நாணயத்தை 10 முறை சுண்டினாலும் 7 அல்லது அதற்கு மேல் தலை விழ 1,024-க்கு 176, அதாவது ஏறத்தாழ 17 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 9 அல்லது 10 விழும் வாய்ப்போ 1,024-க்கு 11, அதாவது ஒரு விழுக்காட்டை ஒட்டியது. அப்போது தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

அப்போதும் ஓர் ஐயம் மிஞ்சும்: தேனீக்கு இயல்பிலேயே நீலம் பிடித்திருந்தால்? எனவே வேறு தேனீக்களுக்கு மஞ்சளில் பாகு வைத்துப் பயிற்றுங்கள். அவை மஞ்சளைத் தேர்ந்தால்தான் கற்றல் என்று எழுத முடியும். தேனீக்கள் நிறம் காண்கின்றன என்பதை நிறுவ, கார்ல் வான் ஃபிரிஷ் நீல அட்டையைப் பல அளவுச் சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே வைத்ததும் இதே எண்ணத்தில்தான். வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டு அடையாளம் காணும் வழியை அவர் அடைத்தார். விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

ஐந்தாம் படி: கணக்கு

உளவியலாளர்கள் ரெஸ்கோர்லாவும் வாக்னரும் 1972-இல் முன்வைத்த கற்றல் விதியைக் குறிப்பேட்டிலேயே போடலாம். புதிய எதிர்பார்ப்பு = பழைய எதிர்பார்ப்பு + கற்றல் வேகம் × (கிடைத்தது − எதிர்பார்த்தது). கற்றல் வேகம் என்பது ஒவ்வொரு அனுபவமும் எதிர்பார்ப்பை எவ்வளவு மாற்றுகிறது என்பதைக் காட்டும் எண். பாகு கிடைத்தால் 1, கிடைக்காவிட்டால் 0, கற்றல் வேகம் 0.3 என்று கொண்டால், நீலத்தின் மீதான எதிர்பார்ப்பு 0-இலிருந்து 0.3, 0.51, 0.657, 0.76 என்று ஏறும். ஏற்றம் வரவரச் சுருங்குவதைக் கவனியுங்கள்: எதிர்பாராதது கிடைக்கும்போதே அதிகம் கற்கிறோம். நான்காம் படியில் பாகில்லாத மூடியில் ஒருமுறை இறங்கிய பின் 0.76 என்பது 0.532 ஆகக் குறையும். அதனால்தான் அந்தப் படியைச் சுருக்கமாக முடிக்க வேண்டும்.

மூளையில் இதற்கு ஈடானது உண்டு. 1993-இல் ஆய்வாளர் மார்ட்டின் ஹாமர் தேனீ மூளையின் ஒரே ஒரு நரம்பணுவை மின்சாரத்தால் தூண்ட, சர்க்கரையே தராமல் தேனீ ஒரு மணத்தைக் கற்றுக்கொண்டது. ஒற்றை அணு பரிசின் இடத்தில் நின்றது. குரங்கு மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள், கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டையே காட்டுகின்றன என்று ஷுல்ட்ஸ், டயான், மான்டேக் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1997-இல் விளக்கினர்.

ஆறாம் படி: முடிவெடுத்தல்

இதற்கு மைக்ரோபிப்பெட், அதாவது மிகச் சிறு அளவுத் திரவத்தை அளந்து விடும் கருவி வேண்டும். கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தின் துணையை நாடுங்கள். ஆய்வாளர் லெஸ்லி ரியல் பம்பிள்பீ வகைத் தேனீக்களுக்கு, ஒரு நிறச் செயற்கைப் பூக்கள் அனைத்திலும் இனிப்பு நீர் 2 மைக்ரோலிட்டரும், மற்ற நிறத்தில் மூன்றில் ஒரு பூவில் மட்டும் 6 மைக்ரோலிட்டரும் வைத்தார். சராசரி ஒன்றே, ஆயினும் தேனீக்கள் பெரும்பாலும் நிலையாகக் கிடைப்பதையே நாடின.

நம் கணக்கும் இதை ஓரளவு காட்டும். இரு நிறங்களின் எதிர்பார்ப்பும் 2 என்று தொடங்கினால், நிலையான நிறம் 2-இலேயே நிற்கும். மாறும் நிறமோ ஒரு வெறும் பூவுக்குப் பின் 1.4, இரண்டாவதற்குப் பின் 0.98 என்று இறங்கும். தேனீ ஒவ்வொரு முறையும் உயர்ந்த எண்ணையே தேர்ந்தால், இறங்கிய நிறத்தை மீண்டும் சோதிக்க அது திரும்புவதே இல்லை. இந்தியத் தேனீயும் அப்படியே செய்கிறதா என்று பாருங்கள். பின்னர் நிலையாகக் கிடைக்கும் நிறத்தையும் மாறிக் கிடைக்கும் நிறத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றி, எத்தனையாவது பூவில் அது மனம் மாறுகிறது என்பதை ஒவ்வொரு தேனீக்கும் தனித்தனியே எழுதி வையுங்கள். அந்த எண்ணிலிருந்து அதன் கற்றல் வேகம் 0.3-ஐ ஒட்டியதா, வேறா என்று நீங்களே கணிக்கலாம்.