2047 முதன்மை எண்ணா? பெரிய எண்களைச் சோதிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் ஹட்டனில் சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் நான், முதன்மை எண்கள் (தமிழகப் பாடநூல்களில் பகா எண்கள்) பற்றிய பாடத்தின்போது கரும்பலகையில் 2047 என்று எழுதிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வது வழக்கம். அது ஒற்றை எண். இலக்கங்களின் கூட்டுத்தொகை 13, ஆகவே 3ஆல் வகுபடாது. 5, 7, 11, 13 ஆகிய எவற்றாலும் மீதியின்றி வகுபடுவதில்லை. இவ்வளவு பார்த்ததும் "முதன்மை எண்தான், சேர்" என்று பலர் கொப்பியை மூடிவிடுகிறார்கள். ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால் அவற்றுள் சிறியது அவ்வெண்ணின் வர்க்கமூலத்தை மிஞ்ச முடியாது என்பதால், 43 வரையுள்ள முதன்மை எண்கள் அனைத்தையும் பார்த்தாக வேண்டும். அதற்கப்பால் வகுப்பது வீண் வேலை. 23ஐ எட்டியதும் குட்டு வெளிப்படுகிறது: 23 × 89 = 2047. நாற்றுத் தவறணையிலிருந்து இத்தனை தேயிலைக் கன்றுகள் வந்தால், 23 நிரைகளில் நிரைக்கு 89 ஆக, ஒன்றும் மிஞ்சாமல் நட்டுவிடலாம்.

கெட்டிக்கார மாணவர்கள் விழும் பள்ளம் வேறு. 2047 என்பது 2இன் 11ஆம் வலுவில் (பதினொரு 2களைப் பெருக்கி வருவதில்) ஒன்று குறைந்த எண். இங்கே 11தான் சுட்டி. சுட்டி 2, 3, 5, 7 ஆக இருக்கையில் இம்முறையில் 3, 7, 31, 127 என்று முதன்மை எண்களே கிடைப்பதைக் கண்டு, சுட்டி முதன்மையானால் விடையும் முதன்மையே என்று அவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையானது அதன் மறுதலைதான்: விடை முதன்மை எண்ணாக இருக்கச் சுட்டியும் முதன்மை எண்ணாக இருந்தாக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 41,024,320 இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்ணும் (சுட்டி 136279841) இவ்வகையினதே. அதனை "உலகின் மிகப் பெரிய முதன்மை எண்" என்று எழுதுவது இன்னொரு தவறு. முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார்.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மாவின் சோதனையை அளவுக்கு மீறி நம்புவதும் உண்டு. 2ஐவிடப் பெரிய முதன்மை எண் ஒன்றிலிருந்து 1ஐக் கழித்து, வருவதைச் சுட்டியாகக் கொண்டு 2இன் வலுவைக் கண்டு, அதனை அந்த முதன்மை எண்ணால் வகுத்தால் மீதி 1 ஆகும். ஆனால் நமது 2047உம் இச்சோதனையில் தேறிவிடுகிறது! அடியை 3 ஆக மாற்றினால்தான் பிடிபடுகிறது. தோற்ற எண் நிச்சயமாகச் சேர்த்தி எண் (சிறு காரணிகளாகப் பிரியும் எண்). தேறிய எண்ணுக்கு அத்தகைய உத்தரவாதம் எதுவும் இல்லை.

எண்ணின் அமைப்பைக் கவனியாமல் கண்மூடித்தனமாக வகுத்துக்கொண்டே போவதையும் தவிர்க்க வேண்டும். 23, 89 ஆகிய இரண்டும் 22ஆல் (அதாவது சுட்டியின் இருமடங்கால்) வகுக்கும்போது மீதி 1 தருவது தற்செயலன்று: சுட்டி ஒற்றை முதன்மை எண்ணாயின் இவ்வகை எண்ணின் காரணிகள் எல்லாம் அப்படித்தான் அமையும். இத்தகைய வடிகட்டலால்தான் 2147483647 முதன்மை எண் என்பதை 1772இல் சுவிஸ் கணிதவியலாளர் ஒயிலர் காகிதத்திலேயே நிறுவினார். சுட்டி 31 ஆதலால், 62ஆல் வகுக்க மீதி 1 தராத எண்களை அவர் தொடவேண்டியிருக்கவில்லை.

இன்றைய மாணவர்களின் கையிலோ கல்குலேட்டர் இருக்கிறது. 2இன் 67ஆம் வலு 21 இலக்கங்கள் கொண்டது. திரையில் முதல் பத்து இலக்கங்கள் மட்டுமே தெரியும், அதிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் திரை அசைவதில்லை. அதனால், அவ்வாறு ஒன்று குறைந்த எண்ணுக்கு 1903இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல் முன்வைத்த 193707721 × 761838257287 என்ற காரணிகளை எங்கள் வகுப்பில் சதுரக்கோட்டுக் கொப்பியில் நீளப் பெருக்கித்தான் சரிபார்க்கிறோம்.