கனடாவின் பி.ஆர். காட்: படிவத்தைத் திறக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

ஒரு மத்தியானம், சாப்பாட்டில் கை வைத்த நேரம், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து பெரியம்மாவின் அழைப்பு. “தம்பி, காட் முடிஞ்சுபோச்சாம், பிளேனில ஏத்தமாட்டினமாம். என்ர பி.ஆர். போயிட்டுதோ?” கவுண்டரில் நின்ற பிள்ளை காட்டில் இருந்த திகதியை விரலால் தொட்டுக் காட்டியதாம். முடிந்து பன்னிரண்டு நாள்.

பி.ஆர். போகவில்லை. கனடாவில் காட் வேறு, பி.ஆர். எனப்படும் நிரந்தர வதிவிட உரிமை வேறு. காட் காலாவதியானதற்காக உரிமை தானாகக் கழன்றுவிடாது. ஆனால் விமானத்திலோ பஸ்ஸிலோ ரயிலிலோ கனடாவுக்கு வர, செல்லுபடியாகும் காட் வேண்டும். அது கையில் இல்லாதவர் வெளிநாட்டிலிருந்தே பி.ஆர்.ரி.டி. எனப்படும் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 50 டொலர். காட்டுக்கும் அதே 50தான். பெரியம்மாவுக்கு வலித்தது அந்தக் காசல்ல, ரிக்கெற்றை மாற்றிய காசும் காத்திருந்த நாட்களும்.

“பஃபலோவுக்குப் பறந்து வா, நான் காரில் வந்து ஏத்துறன்” என்று யோசனை சொல்ல ஒரு மச்சான் எப்போதும் இருப்பார். தனியார் வாகனத்தில் தரை எல்லைக்கு வரும் நிரந்தர வதிவாளர், தன் நிலையை வேறு ஆவணங்களால் நிரூபித்து உள்ளே வரலாம் என்பது உண்மை. ஆனால் இலங்கைப் பாஸ்போட்டில் அமெரிக்க விசா இல்லாமல் பஃபலோவில் எப்படி இறங்குவது? அதை மச்சான் சொல்லமாட்டார்.

காட் முடிய 9 மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போதே விண்ணப்பித்துவிடலாம். விண்ணப்பிக்கும்போது ஆள் கனடாவில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மகனின் ஸ்காபரோ விலாசத்தைப் போட்டு அனுப்புவது கெட்டித்தனமல்ல, பொய்த் தகவல். புதுக் காட்டை அவர்கள் வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்புவதும் இல்லை.

இனி நாள் கணக்கு. பி.ஆரைத் தக்கவைக்கக் கடைசி ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். எந்த ஐந்து வருடம் என்பதில்தான் சறுக்குகிறார்கள். காட்டில் அச்சடித்த திகதிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அந்த ஐந்து வருடமும் நாளுக்கு நாள் நகரும்.

ஒருவர் 2019 மே 1இல் வந்து இறங்கினார் என்று வையுங்கள். 2021 மே 1 வரை இரண்டு வருடம் நின்றுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். 730ஐ முடித்தாயிற்று என்று நிம்மதி. 2024 ஜூலை 1இல் திரும்பி வருகிறார். அன்றைக்கு ஐந்து வருடம் 2019 ஜூலையில்தான் தொடங்கும். அந்த முதல் மேயும் ஜூனும் வெளியே விழுந்துவிட்டன. மிச்சம் ஏறக்குறைய 670 நாள். சரி, இங்கே இரண்டு மாதம் நின்றால் நிரம்பிவிடும்தானே? நிரம்பாது. முன்பக்கம் ஒரு நாள் சேரும்போது பின்பக்கம் அவர் கனடாவில் இருந்த ஒரு நாள் கழியும். 2026 மே வரை கணக்கு அசையாது. ஜூலையில்தான் 730 ஆகும். இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது தலையில் கை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனிதாபிமானக் காரணங்களைக் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அதை நம்பி ரிக்கெற் போடக்கூடாது.

வெளிநாட்டில் இருந்த நாளும் சிலவேளை எண்ணப்படும்: கனடியக் குடியுரிமை உள்ள கணவனுடனோ மனைவியுடனோ கூட இருந்தால், கனடிய நிறுவனம் முழுநேர வேலைக்கு அனுப்பியிருந்தால். “மகன் சிற்றிசன், அவனோட லண்டனில நின்றனான்” என்பது இதில் வராது. பெற்றோருடன் இருக்கும் சின்னப் பிள்ளைக்கு உள்ள சலுகை, வளர்ந்த பிள்ளையுடன் இருக்கும் பெற்றோருக்கு இல்லை.

பயண விபரத்தில் இரண்டு மூன்று பயணங்களை விழுங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: 2020 ஜூனிலிருந்து கனடாவை விட்டு விமானத்தில் வெளியேறுவதும் எல்லை முகவரகத்தில் பதிவாகிறது. அமெரிக்கத் தரை எல்லைப் பதிவு அதற்கும் முந்தியது. மறந்துபோன திகதிகளைப் பாஸ்போட் முத்திரையிலும் பழைய ஈ-ரிக்கெற்றிலும் தேடி எடுத்து உள்ளதை எழுதுங்கள்.

நம்மவரில் பலருக்கு இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. அகதியாக ஏற்கப்பட்டு, அதன்வழி பி.ஆர். எடுத்தவர்கள் இலங்கைப் பாஸ்போட் எடுப்பதும் அதில் ஊருக்குப் போய்வருவதும்தான் அது. 2012 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு, “நீர் விட்டு ஓடிவந்த நாட்டின் பாதுகாப்பை நீராகவே மறுபடி ஏற்றுக்கொண்டீர்” என்று அகதிச் சபை தீர்மானித்தால், அகதிப் பாதுகாப்போடு பி.ஆரும் போகும். இருபது வருடம் இங்கே வரி கட்டியிருந்தாலும் அதே சட்டம்தான். காட் புதுப்பிக்கும் படிவத்தில் பாஸ்போட் இலக்கத்தையும் பயணங்களையும் நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். அப்படிப் போய்வந்தவர் விண்ணப்பத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்க வேண்டும், கடைத்தெருவில் படிவம் நிரப்பித் தருபவரை அல்ல. இன்னும் போகாதவருக்கு, வேறு நாடுகளுக்குப் போய்வர அகதிகளுக்கான பயண ஆவணம் இருக்கிறது. குடியுரிமை எடுத்துவிட்டால் இந்தப் பயமே இல்லை. குடியுரிமைக்கு வேண்டிய 1,095 நாள் நிரம்பியும் “பிறகு பார்ப்பம்” என்று இழுத்தடிப்பவர்களை எனக்கு விளங்குவதே இல்லை.

மற்றவை சில்லறைத் தவறுகள், ஆனால் விண்ணப்பம் திரும்பி வரப் போதும். படம் 50க்கு 70 மில்லிமீற்றர். நாடியிலிருந்து உச்சிவரை முகம் 31 முதல் 36. பாஸ்போட்டுக்கு எடுத்ததில் மிஞ்சியதைப் போடாமல், “பி.ஆர். காட்டுக்கு” என்று சொல்லியே எடுங்கள். பெயரில் நமக்கு எப்போதும் தொல்லைதான்: தகப்பன் பெயர் ஒரு தாளில் குடும்பப் பெயர், இன்னொரு தாளில் முதலெழுத்து. எது எங்கே எப்படி இருக்கிறது என்று எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். குடியிருக்கும் பேஸ்மென்ற் மாறினால் விலாசத்தையும் உடனே மாற்றுங்கள்.

காட் தொலைந்துவிட்டதாக அறிவித்த என் நண்பருக்குப் புதுக் காட் வந்து சில மாதத்தில், பழையது குளிர்கால ஜக்கெற்றின் உட்பையில் கிடந்தது. “முடிய இன்னும் காலம் கிடக்கு, ஊருக்கு இதைக் கொண்டுபோறன், புதுசு வீட்டில பத்திரமாய் இருக்கட்டும்” என்றார். தொலைந்ததாக அறிவித்த நாளே அது செத்துவிட்டது. அவர் கட்டுநாயக்காவில் நின்று எனக்கு அழைப்பதற்கு முன், அதை வாங்கிக் கடித உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.