படகில் மடக்கு சோலார் பேனல்: நிழலைக் கவனியுங்கள்

பாய்மரப் படகில் 100 வாட் மடக்கு பேனல் பாதி கரண்ட்கூடத் தராததற்குப் பெரும்பாலும் நிழல்தான் காரணம். செல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரு செல்லின் மேல் பாய்மரத்தின் நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் சோர்ந்துவிடும். நங்கூரமிட்டதும் பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கட்டையை (பூம்) வெயில் படாத பக்கம் தள்ளிக் கட்டி, பேனலை வெயில் பக்கம் விரியுங்கள். காற்று மாறிப் படகு திரும்பினால் பேனலின் இடத்தையும் மாற்றத்தான் வேண்டும்.

பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் சில பேனல்களின் பின்பையிலேயே தைத்து வரும். அங்கே ஈரம் படும். அதைவிட, அங்கிருந்து பேட்டரி வரை நீளும் மெல்லிய வயரில் அரை வோல்ட் போனால்கூட 12 வோல்ட் பேட்டரி முழுதாக நிறையாது. கன்ட்ரோலரை பேட்டரிக்கு அருகே, உள்ளே பொருத்துங்கள். பேனலிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரியின் பாசிட்டிவ் முனையருகே 10 ஆம்பியர் ஃபியூஸ். கன்ட்ரோலரில் இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல், கழற்றும்போது தலைகீழ்.

பேனலின் நான்கு மூலை வளையங்களையும் படகின் ஓரக் கம்பியில் கட்டுங்கள். இரண்டில் மட்டும் கட்டினால் காற்று அடியில் புகுந்து தூக்கி அடிக்கும், மடிப்பில் வயர் அறுந்துபோகும். பாய் விரித்து ஓடும்போது பேனல் உள்ளே இருக்கட்டும். மடிக்கும் முன் நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். உப்பு தங்கினால் கனெக்டர் பச்சை பூத்துவிடும்.