வயதானவர்களின் எடை: எண்ணைவிட மாற்றத்தைப் பாருங்கள்

அறுபத்தைந்தைத் தாண்டியவருக்கு எடை எவ்வளவு என்பதைவிட, போன மாதத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அதற்கு அளவு சரியாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை, காலைக்கடன் முடித்து, சாப்பிடுவதற்கு முன், மெல்லிய உடையில், எப்போதும் ஒரே எடைக்கருவியில் பாருங்கள். கருவி கட்டாந்தரையில் இருக்கட்டும். விரிப்பின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் எடை குறைத்தே காட்டும். தடுமாறுபவர் என்றால் பக்கத்தில் ஒருவர் தொடாமல் நின்றுகொள்ள வேண்டும்.

உயரத்தில்தான் பலரும் ஏமாறுவது. 60 கிலோ, 160 செ.மீ. உள்ளவரின் பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23.4. முதுகு கூனி உயரம் 154 செ.மீ. ஆகிவிட்டால், அதே எடைக்கு 25.3 என்று வரும். ஒரு கிராம் கொழுப்பும் கூடாமலே 'அதிக எடை' ஆகிவிடுவார்! இதை நம்பிச் சாப்பாட்டைக் குறைத்தால் கரைவது தசைதான். இளவயது உயரம் தெரிந்தால் அதை வைத்தும் ஒருமுறை கணக்கிடுங்கள். 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் எலும்புத் தேய்மானத்துக்குப் பரிசோதனை தேவை.

பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் பி.எம்.ஐ. 18.5 என்ற கீழ்வரம்பு முதுமைக்குப் போதாது. 22க்குக் கீழே இறங்கினாலே கவனிக்க வேண்டும். 27 வரை இருந்தால், நன்றாக நடமாடுபவருக்குப் பெரும்பாலும் பயமில்லை.

எடை சரியாக இருந்தும் தசை கரைந்திருக்கலாம். உட்கார வைத்து, பாதம் தரையில் பதிய, கெண்டைக்காலின் பருத்த இடத்தை டேப்பால் அளக்கவும். ஆசியர்களுக்கான அளவுகோலில் ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் குறைந்தால் தசை இழப்பு என்று சந்தேகிக்கலாம். காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவை நம்ப முடியாது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை வலு குறைந்திருக்கலாம்.

முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதத்தில் 5 சதவீதம், அதாவது 60 கிலோவில் 3 கிலோ குறைந்தால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். பல்செட் தளர்வு, மனச்சோர்வு, பசியைக் குறைக்கும் மாத்திரை, தைராய்டு, புற்றுநோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மாறாக, இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது கொழுப்பல்ல, நீர். இதய நோயாளி என்றால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூட்டுவலிக்காகவோ சர்க்கரைக்காகவோ எடையைக் குறைக்கச் சொன்னால் பட்டினி வேண்டாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், மூன்று வேளைக்கும் பிரித்து. கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்குப் பளு தரும் பயிற்சி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.